செல்போனில் இருக்கும் 'செல்' எது?

"டவர் ஃபுல்லா இருக்கு, ஆனா கால் போகமாட்டேங்குது." தேர்த்திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு இப்படி அலுத்துக்கொள்ளாதவர்கள் குறைவு. இதற்கான விளக்கம் கருவியின் பெயரிலேயே இருக்கிறது. 'போன்' என்ற பாதியில் தேட வேண்டாம், 'செல்' என்ற பாதியைப் பாருங்கள்.

தமிழ்க் காதுக்குச் 'செல்' என்றால் முதலில் 'போ'. அப்புறம் கறையான், செல்லரித்த ஏடு என்கிறோமே, அந்தச் செல். பழைய தமிழில் மேகத்துக்கும் இடிக்கும்கூட இந்தப் பெயர் உண்டு. செல்போனின் செல் இவற்றில் எதுவும் இல்லை. அது லத்தீன் 'செல்லா': சிறிய அறை, சாமான் போட்டு வைக்கும் உள்ளறை. துறவியின் அறை, சிறைக் கொட்டடி, தேனடையின் கண் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். 1665இல் ராபர்ட் ஹூக், தக்கைச் சீவல் ஒன்றை நுண்ணோக்கியில் பார்த்தார். தேனடைபோலத் தெரிந்த குழிகளுக்கு இந்தப் பெயரை எழுதிவைத்தார். உயிரியலுக்குள் 'செல்' நுழைந்தது அப்படித்தான். பாடசாலையில் வரும் 'சாலை'க்கு மூலமான வடமொழிச் 'சாலா'வையும் இந்தச் 'செல்லா'வையும் ஒரே வேரில் சேர்க்கும் மொழியியலார் உண்டு என்பது உபரித் தகவல்.

சரி, வானலைக்கு எதற்கு அறை?

ஆரம்பகால கார் தொலைபேசிகளுக்கு ஊர் நடுவே ஓர் உயரமான கோபுரம், அதில் பலமான ஒலிபரப்பு, அவ்வளவுதான். ஓர் அலைவரிசையில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தால், அந்த வட்டாரம் முழுக்க வேறு யாரும் அதைத் தொட முடியாது. 1970களில்கூட நியூயார்க்கில் சுமார் ஆயிரம் சதுர மைல் பரப்பில் ஒரே நேரத்தில் 12 அழைப்புகளுக்குத்தான் இடம் இருந்தது. இதற்கு மாற்று 1947இலேயே காகிதத்தில் இருந்தது. அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வகத்தைச் சேர்ந்த டக்ளஸ் ரிங் ஓர் உள்குறிப்பில் நிலப்பரப்பைச் சின்னச் சின்ன அறுகோணங்களாக வெட்டிக் காட்டினார். ஒவ்வொன்றும் ஓர் அறை, அதற்குக் குறைந்த சக்தியில் ஒரு நிலையம். நிலையத்தின் குரல் பக்கத்து அறையைத் தாண்டாது என்பதால், சில அறைகள் தள்ளி அதே அலைவரிசையை இன்னொருவருக்குத் தரலாம். அறுகோணம் ஏன்? இடைவெளி விழாமல் அடுக்கக்கூடிய ஒழுங்கு வடிவங்களில் வட்டத்துக்கு மிக நெருக்கமானது அதுதான். நிஜத்தில் எந்த அறையும் அறுகோணமாக இருப்பதில்லை. கட்டடமும் மரமும் மேடும் சேர்ந்து அதைக் கோணல்மாணலாக்கிவிடும். வணிகச் சேவையாக இது 1979இல் டோக்கியோவிலும் 1983இல் சிகாகோவிலும் வந்தது.

திருவிழாக் கூட்டத்துக்கு வருவோம். திரையில் தெரியும் கோடுகள், நிலையத்தின் குரல் உங்களுக்கு எவ்வளவு பலமாகக் கேட்கிறது என்பதை மட்டும் சொல்லும். அந்த அறைக்குள் எத்தனை பேர் நெருக்கியடிக்கிறார்கள் என்று சொல்லாது. நெருக்கடியைத் தீர்க்கப் பொறியாளர்கள் செய்வதும் அறையை வைத்துத்தான். அறையின் ஆரத்தைப் பாதியாக்கினால், அதே பரப்பில் ஏறக்குறைய 4 அறைகள் கிடைக்கும். அலைவரிசைகளை அதற்கேற்பக் கூடுதல் தடவை பயன்படுத்தலாம். ஆனால் ஒவ்வொரு நிலையத்தின் சக்தியையும் குறைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஒன்றின் பேச்சு இன்னொன்றில் புகுந்து சேவைத் தரம் கெடும். சத்தமாகப் பேசினால்தான் நன்றாகக் கேட்கும் என்ற நம் நினைப்புக்கு நேர் எதிரான கணக்கு இது.

இன்னொரு வழி, ஒரே கோபுரத்தில் மூன்று பக்கமும் ஆண்டெனாக்களைத் திருப்பி, ஆளுக்கு 120 டிகிரி எனப் பிரித்துக்கொடுப்பது. ஆக, நாம் 'டவர்' என்று ஒருமையில் சொல்லும் இடத்தில் பெரும்பாலும் மூன்று அறைகளாவது இருக்கும். 3ஜியில் இன்னொரு வேடிக்கை: ஆள் கூடக் கூட இரைச்சல் ஏறி, அறையே சுருங்கிவிடும். ஓரத்தில் நின்றவர், நின்ற இடத்திலேயே அறைக்கு வெளியே போய்விடுவார்.

இப்போது தமிழ்ச் சொல். 'செல்லிடப்பேசி' கெட்டிக்காரத்தனமான ஆக்கம். ஒலியை வைத்துக்கொண்டு, செல்லும் இடமெல்லாம் பேசுவது என்று பொருளை மாற்றிவிட்டது. உண்மையில் அது 'மொபைல்' என்பதன் பெயர்ப்பு. அறை அதில் காணாமல் போய்விட்டது. கருவிக்கு அதனால் நட்டமில்லை. நம் கைபேசி, அலைபேசி, இலங்கையின் கையடக்கத் தொலைபேசி, சிங்கப்பூரின் கைத்தொலைபேசி எதிலும் அறை கிடையாது. என் ஓட்டு கைபேசிக்கு.

வலையமைப்பைப் பற்றி எழுதும்போதுதான் சிக்கல். அங்கே 'செல்'லுக்கு ஒரு சொல் வேண்டும். 'உயிரணு' இங்கே பொருந்தாது. இலங்கைப் பாடநூல்களின் 'கலம்' பாத்திரத்தை நினைவூட்டும். மின்கலத்துக்குச் சரி, வானலைக்குச் சரியில்லை. 'கண்ணறை' தேனடைக்கு நெருக்கம், வலைக்கண்ணும் நினைவுக்கு வரும். ஆனால் கேட்டவுடன் புரியாது. 'சிற்றறை' நேராகப் புரிகிறது, லத்தீன் மூலத்துக்கும் அதுவே அச்சான பொருள். சிற்றறை வலையமைப்பு, சிற்றறைப் பிரிப்பு என்று நீட்டவும் வளைந்துகொடுக்கிறது.

ஓடும் பேருந்தில் பேச்சு அறுபடாமல் ஒரு சிற்றறையிலிருந்து அடுத்ததற்குப் போவதைக் 'கைமாற்றம்' எனலாம். 'கைமாற்று' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். மாதக்கடைசியில் கடன் கேட்கிறீர்கள் என்று நினைத்துப் போனை வைத்துவிடுவார்கள்.