'சத்தத் தொகுப்பான்' என்னும் கொடுமை

விரல் பட்டதும் கரகரக்கும், கீச்சிடும், உறுமும் மின்னணு இசைக்கருவி. சில, சாவு, பேய் என்று ஒரு கதையையும் சுமந்து வரும். ஆங்கிலத்தில் டச் (தொடு) நாய்ஸ் சின்தசைசர். பாளையங்கோட்டைப் பக்கம் மாணவர் கண்காட்சி அட்டைகளில் இது 'தொடுதிரைச் சத்தத் தொகுப்பான்' ஆகிவிடுகிறது.

சின்தசைசரின் கிரேக்க வேருக்குச் 'சேர்த்து வைத்தல்' என்று பொருள். ஒளிச்சேர்க்கை என்று பள்ளியில் படித்தவர்களுக்குச் 'சேர்ப்பி' தோன்றியிருக்க வேண்டும். தொகுப்பது என்றால் இருப்பதைத் திரட்டுவது, எட்டுத்தொகையைப் போல.

தொடுதிரையில் திரை எங்கே இருக்கிறது? 1970களில் ஆம்ஸ்டர்டாமில் மிஷெல் வைஸ்விஸ் என்ற இசைக்கலைஞர் உருவாக்கிய, இவ்வகைக் கருவியான கிராக்டூஸ் பெட்டியில் இருப்பவை ஆறு உலோகத் தகடுகள். விரல் பட்டால் உடலே மின்சுற்றின் பகுதியாகிறது. ஈர விரலுக்கு ஓர் ஒலி, உலர்ந்த விரலுக்கு வேறோர் ஒலி. 'தொடு' என்பதே போதும்.

என்னைச் சீண்டுவது 'சத்தம்'. வடமொழிச் சப்தத்தின் தேய்வு என்பதை மன்னித்துவிடலாம். ஆனால் நெல்லைச் சீமையில் வண்டிச்சத்தம் என்றால் வாடகை. சத்தம் போட்டார் என்றால் திட்டினார். குழந்தை சிரிப்பதும் சத்தம், தட்டு விழுவதும் சத்தம். கருவியின் ஒலியோ அப்படிப்பட்டதில்லை. சுருதி பிரித்தறிய முடியாதபடி பல அதிர்வெண்கள் ஒன்றாய்க் கலந்து மோதுவது அது. அதற்கு இரைச்சல் என்ற தமிழ்ச் சொல் இருக்கிறது. கடல் இரைகிறது, மழை இரைகிறது என்கிறோம். சாரல் காலத்தில் குற்றாலத்து மெயினருவியின் கீழே நின்றவருக்கு (மாவட்டம் தென்காசி ஆனாலும் அருவி நமதுதான்) இதற்கு அகராதி வேண்டாம். 'இரைச்சல் வசைச்சொல் போல ஒலிக்கிறதே' என்பார்கள். ஆங்கிலச் சொல்லும் வசைதான். அந்த வசையைத்தான் 1913இல் இத்தாலிய ஓவியர் லூயிஜி ருசோலோ துணிந்து கலையின் பெயராக்கினார். அதை நாகரிகமாக்கித் தர மொழிபெயர்ப்பாளரை யார் கேட்டது? ஆகவே தொடு இரைச்சல் சேர்ப்பி. 'இரைச்சல் கூட்டி' வேண்டாம், ஒலிபெருக்கி என்று நினைத்துவிடுவார்கள்.

அந்தச் சாவு, பேய்க் கதைக்கு அட்டையின் அடியில் 'இருண்ட கருத்துரு' என்று வேறு. மின்தடையா என்ன? சுடுகாட்டுத் தெய்வமான சுடலைமாடன் கோயில் கொடை விழாவில் நள்ளிரவு வரை வில்லுப்பாட்டு கேட்கும் ஊரில் 'சுடுகாட்டுச் சாயல்' என்று எழுதக் கை வராதா?