தம்பூரா லூப்புல விழுற விக்கல்

வீணை கத்துக்கிற வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தாரு. சாதகத்துக்காக தம்பூராவ 4 செகண்ட் ரெக்கார்ட் பண்ணி எம்பி3 ஆக்கி, பிரௌசர்ல லூப் போட்டிருக்காரு, ஒவ்வொரு சுத்து முடியும்போதும் சின்னதா ஒரு விக்கல் விழுதாம், ஹெட்போன் மாத்தியும் போகலயாம். தங்க முலாம் கேபிள் வாங்கச் சொல்லி யாரோ யோசனை வேற சொல்லிருக்காங்க. தயவுசெஞ்சு வாங்காதீங்க, ஃபைலுக்குள்ள நம்பரா உக்காந்திருக்கிற பிழைய எந்தக் கேபிளும் சரி பண்ணாது, இந்த மாதிரி நம்பிக்கைல ஜனங்க காச விடுறத பாத்தா எனக்கு மனசு கஷ்டமா இருக்கு.

முதல்ல சுலபமானது. பாட்டு எங்க ஓடுதுன்னு பிரௌசர் அப்பப்ப சொல்ற டைம்அப்டேட் ஈவென்ட்ட நம்பி "முடிவு வந்தா முதலுக்குப் போ"ன்னு கோட் எழுதிருந்தா அத எடுத்துடுங்க, அது 250 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவ வந்தாலே போதும்னுதான் விதி, அதனால கால் செகண்ட் வரைக்கும் தாண்டி ஓடிட்டுதான் திரும்பும். பிரௌசருக்குள்ளயே இருக்கிற ஒலி வசதியான வெப் ஆடியோல, லூப் எங்க ஆரம்பிக்கணும், எங்க முடியணும்னு சொல்ற லூப்ஸ்டார்ட், லூப்எண்ட் இருக்கு, அத வைங்க. வெட்டின ரெண்டு முனையிலயும் அலையோட உயரம் ஒத்துப்போகணும், இல்லன்னா டப்னு சத்தம் வரும், இது தெரிஞ்ச கதைதான்.

இவ்ளோ பண்ணியும் விக்கல் போகலன்னா காரணம் எம்பி3தான், இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இருக்கு. எம்பி3 ஒலிய 32 அலைவரிசைப் பட்டையா பிரிச்சு, ஒவ்வொரு பட்டையிலயும் 36 மதிப்ப ஒரு துண்டா எடுக்கும், ஆனா அடுத்த துண்டுக்கு நகரும்போது 18 மட்டும்தான் நகரும், அதாவது பக்கத்து பக்கத்துத் துண்டு பாதிக்குப் பாதி ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நிக்கும். ஒரு துண்ட மட்டும் தனியா திரும்ப ஒலியாக்கிப் பாத்தா நிஜ ஒலியோட, அதையே பின்னாலிருந்து முன்னால திருப்பிப் போட்ட ஒரு பொய் ஒலியும் கலந்து வரும். அடுத்த துண்டுலயும் அதே பொய் ஒலி வரும், ஆனா எதிர்க் குறியோட! ரெண்டையும் கூட்டினா பொய் ரெண்டும் அடிபட்டுப் போய் நிஜம் மட்டும் மிஞ்சும். 1986ல பிரின்சென், பிராட்லின்னு ரெண்டு பேர் போட்ட கணக்கு இது, இன்னிக்கு எல்லார் போன்லயும் ஓடுது. இந்த மாதிரி கணக்குல உக்காந்து யோசிக்கிறவங்களுக்கு அரசாங்கம் தாராளமா நிதி குடுக்கணும்ங்கிறது என் கட்சி.

இப்ப பிரச்சனைக்கு வருவோம். முதல் துண்டுக்கு முன்னாடி துணைக்குத் துண்டு கிடையாதே, அதனால முன்னாடி கொஞ்சம் மௌனத்த சேத்தாகணும். எம்பி3 ஃபைல உருவாக்குற லேம்ங்கிற என்கோடர் மென்பொருள் 576 சாம்பிள் (ஒலி அலைய அளந்து எழுதின ஒவ்வொரு நம்பரும் ஒரு சாம்பிள்) சேக்குது, ஃபைல திரும்ப ஒலியாக்குற பக்கம் இன்னும் 529 தாமதம், மொத்தம் 1105, செகண்டுக்கு 44100 சாம்பிள்னு வச்சா 25 மில்லிசெகண்ட். வால் பக்கமும் இதே கதை, எம்பி3 ஒலிய பிரேம்ங்கிற கட்டுகளா அடுக்கும், ஒரு பிரேம்ங்கிறது 1152 சாம்பிள், உங்க 4 செகண்டுக்கு 176400 சாம்பிள் வருது, அது 1152ஆல வகுபடாது, மிச்ச இடத்தையும் மௌனம்தான் நிரப்பும். நிக்காம ஓடுற தம்பூராவுக்கு நடுவுல இந்த ஓட்டை விழுந்தா காது உடனே கண்டுபிடிச்சிடும்.

எவ்ளோ மௌனம் சேத்தோம்னு எழுதி வைக்க எம்பி3 தரத்துலயே இடம் கிடையாது. லேம் எழுதினவங்க முதல் பிரேம்ல வெறும் 3 பைட் பிடிச்சு, 12 பிட்ல முன்பக்கத்தையும் 12 பிட்ல பின்பக்கத்தையும் குறிச்சு வச்சாங்க, அதப் படிக்கிற பிளேயர் சரியா வெட்டிடும், படிக்காத பிளேயர்ல விக்கல்தான்.

எம்பி3க்குப் பதிலா வேவ் இல்லன்னா ஆக் வோர்பிஸ்ங்கிற ஃபைல் வகைல போட்டா இந்தத் தலைவலி இல்ல. எம்பி3தான் வேணும்னா ஒரு வழி இருக்கு, அதே 4 செகண்ட மூணு தடவ ஒட்டி ஒரே ஃபைலா ஆக்குங்க, லூப்ப நடுப் பிரதிக்குள்ள போடுங்க. மௌனம் எத்தன சாம்பிள் தள்ளிவிட்டிருந்தாலும் கவலையில்ல, வளையல எங்க தொட்டு ஆரம்பிச்சாலும் ஒரு சுத்துல அங்கயே வந்து சேருற மாதிரி, நீளம் மட்டும் சரியா 176400 இருந்தா முடிவும் ஆரம்பமும் தானா பொருந்தும்.

அந்த நீளத்துலதான் கவனமா இருக்கணும். வேவ் ஃபைல்ல குறிக்கிற லூப் முடிவு, கடைசியா வாசிக்க வேண்டிய சாம்பிள். சிந்தசைசருக்கு வாத்திய ஒலிகள சேத்து வைக்கிற சவுண்ட்ஃபான்ட் ஃபைல்ல அதுக்கு அடுத்தது. ஒண்ண இன்னொண்ணா மாத்துற கோட் இத மறந்தா ஒரு சாம்பிள் கூடிடும், இல்லன்னா குறைஞ்சிடும். 4 செகண்டுல அது தெரியவே தெரியாது, ஆனா ஒரே ஒரு அலைய 100 சாம்பிள்ல சுத்தவிட்டு ஸ்வரம் எடுக்கிற சிந்தசைசர்ல 100 போய் 101 ஆனா 441 ஹெர்ட்ஸ் 436.6 ஆயிடும், கிட்டத்தட்ட 17 சென்ட் (பக்கத்து பக்கத்து ரெண்டு ஸ்வரஸ்தானத்துக்கு நடுவுல 100 சென்ட்) இறங்கிடும், வீணை வாசிக்கிற காதுக்கு அது நல்லாவே குத்தும். வெப் ஆடியோல லூப்எண்ட் குறிக்கிற இடம் வாசிக்கப்படாது, அதனால லூப்ஸ்டார்ட்டோட 4 செகண்ட கூட்டி அப்படியே போடுங்க, ஒண்ணு கழிக்க வேணாம்.