கோடிட்ட இடத்தை நிரப்பிய டிக்டாக்

2024 நவம்பர் 24, ருமேனிய அதிபர் தேர்தலின் முதல் சுற்று. பெரும்பாலான கருத்துக்கணிப்புகள் ஒற்றை இலக்கத்தில் வைத்திருந்த கலின் ஜார்ஜெஸ்கு, சுமார் 23 சதவீத வாக்குகளோடு முதலிடத்துக்கு வந்தார். அவர் காட்டிய பிரசாரச் செலவு பூஜ்யம்.

டிக்டாக் 2019 முதல் அரசியல் விளம்பரங்களை ஏற்பதில்லை. ஆனால் அந்தத் தடை விளம்பரப் பிரிவின் வாசலில்தான் நிற்கிறது. இன்ஃப்ளூயன்சர் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு போடும் வீடியோ, வாங்கியதை அவரே சொல்லாதவரை, நிறுவனத்துக்கு மற்றுமொரு வீடியோதான்.

ருமேனிய உளவுத்துறை பின்னர் வெளியிட்ட ஆவணங்களின்படி, நூற்றுக்கும் மேற்பட்ட இன்ஃப்ளூயன்சர்களுக்கு ஒரே மாதிரி வசனம் போயிருந்தது: நாட்டுக்கு எப்படிப்பட்ட அதிபர் வேண்டும் என்று பேசுங்கள், சமநிலை, நேர்மை போன்ற குணங்களைச் சொல்லுங்கள், குறிப்பிட்ட ஹேஷ்டேக்கைப் போடுங்கள். வேட்பாளர் பெயர் மட்டும் கிடையாது. கேள்வித்தாளில் வரும் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' போலத்தான். நிரப்பியது கமெண்ட் பகுதி. ஜார்ஜெஸ்குவின் பெயர் அங்கே குவிந்தது. வாக்குப்பதிவுக்கு இரண்டு வாரம் முன்பு சுமார் 25,000 கணக்குகள் திடீரென்று சுறுசுறுப்பானதாகவும் ஆவணங்கள் சொல்கின்றன.

பரிந்துரை அல்காரிதம் வீடியோவைக் கடைசிவரை பார்த்தார்களா, பகிர்ந்தார்களா, கமெண்ட் போட்டார்களா என்று கணக்கெடுக்கிறது. போலிக் கணக்கு பிடிபடாதவரை அதன் கமெண்டும் அதே கணக்கில் சேரும். அதனால் ஒவ்வொரு கமெண்டுக்கும் இரட்டைப் பலன்: வீடியோ இன்னும் பலரிடம் போகிறது, பார்ப்பவருக்கு விடையும் கிடைக்கிறது, அதுவும் தானே கண்டுபிடித்தது போல.

இதில் வேடிக்கை, அந்தப் பெயரில்லா வீடியோக்களுக்குக் காசு கொடுத்தது ஜார்ஜெஸ்குவின் போட்டிக் கட்சியான தேசிய லிபரல் கட்சி என்று ஸ்னூப் என்ற புலனாய்வுத் தளம் எழுதியது. இடத்தைக் காலியாக விட்டால் யார் வேண்டுமானாலும் நிரப்பலாம்.

மேக்கப் போட்டுக்கொண்டே அதிபரைப் பற்றிப் பேசும் இன்ஃப்ளூயன்சரின் பேச்சு ஏன் எடுபடுகிறது? தினமும் திரையில் பார்க்கும் முகத்தோடு ரசிகருக்கு ஒருதலையான நட்பு உண்டாவதை ஆய்வாளர்கள் டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956-லேயே விவரித்தார்கள். திரும்பத் திரும்பக் கேட்ட கூற்று உண்மைபோலத் தோன்றும் என்பது 1977-ல் சோதனையில் தெரிந்தது. ஊறிப்போன கட்சிப் பற்றை இவை எளிதில் அசைக்காது. அறியாத வேட்பாளரும் முடிவெடுக்காத வாக்காளரும் இருக்கும் இடத்தில்தான் வேலை செய்யும். பலர் போட்டியிட்டு, முதல் இருவர் மட்டும் அடுத்த சுற்றுக்குப் போகும் தேர்தலில் அது போதும்: இரண்டாம், மூன்றாம் இடங்களைப் பிரித்தவை மூவாயிரத்துக்கும் குறைவான வாக்குகள்.

டிசம்பர் 6-ல் அரசியல் சாசன நீதிமன்றம் தேர்தலையே ரத்து செய்தது. டிசம்பர் 17-ல் ஐரோப்பிய ஆணையம் டிக்டாக் மீது விசாரணை தொடங்கியது. 'கட்டண விளம்பரம்' என்ற முத்திரையைக் கட்டாயமாக்குவது எல்லோரும் சொல்லும் தீர்வு. அந்த முத்திரை விழுவது வீடியோவின் மேல். பெயர் இருந்ததோ கமெண்டில்.