சுர்துவே, தாலந்து, மீத்திறன்

மொரிசியசில் வயதுக்கு மீறிய அறிவோடு கேள்வி கேட்கும் பிள்ளையை ‘சுர்துவே’ என்பார்கள். பிரெஞ்சுச் சொல். ‘சுர்’ என்றால் மிகை. ‘துவே’யின் வேரைத் தேடிப் போனால் லத்தீனில் ‘தோஸ்’ வரும். அதன் பொருள் சீதனம். கூடுதல் சீதனத்தோடு பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலத்தின் ‘கிஃப்டட்’டும் இதே போக்குதான், கொடை பெற்றவர்.

‘டேலன்ட்’டின் கதை இன்னும் அழகு. கிரேக்கத்தில் ‘தலன்தோன்’ முதலில் தராசு, பிறகு ஓர் எடை, அப்புறம் அந்த எடையுள்ள பணம். இயேசு சொன்ன உவமையில் எசமான் ஊழியர்களிடம் ஒப்படைத்துப் போவது அந்தப் பணத்தைத்தான். தமிழ் விவிலியத்தில் அது ‘தாலந்து’. உவமையைச் சொல்லிச் சொல்லியே பணத்தின் பெயர் திறமையின் பெயராயிற்று. தமிழ்க் கிறிஸ்தவர்கள் இன்றும் பாட்டுத் திறமையைத் தாலந்து என்கிறார்கள்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? ‘வரம் பெற்ற குழந்தை’ என்று எழுதுவது எனக்கு ஒப்பவில்லை. கல்வியியல் நூல்களில் நிலைத்த சொல் ‘மீத்திறன்’. மீப்பெரு, மீச்சிறு என்று கணக்கில் படித்தோமே, அதே ‘மீ’. இதில் கொடுப்பவர் யாரும் இல்லை, திறன் மட்டும் இருக்கிறது. பேச்சுக்கு ‘சூட்டிகை’ போதும்.

கொடை என்று நினைத்தால் அது தானாக வெளியே தெரியும் என்று இருந்துவிடுவோம். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்கிறோம், ஆனால் எந்த வயலைப் போய்ப் பார்த்தோம்? அமெரிக்காவில் உளவியலாளர் லூயிஸ் டெர்மன் மீத்திறன் பிள்ளைகளைப் பற்றி 1921இல் தொடங்கிய ஆய்வுக்கு, பெரும்பாலும் ஆசிரியர்கள் பெயர் சொன்ன பிள்ளைகளுக்கே நுண்ணறிவுச் சோதனை வைத்தார்கள். சோதித்தும் தவறவிட்ட பிள்ளைகள் உண்டு. வில்லியம் ஷாக்லி, லூயிஸ் அல்வாரெஸ் இருவரும் மதிப்பெண் போதாமல் விடப்பட்டவர்கள். பிற்காலத்தில் இருவருமே இயற்பியலில் நோபல் பெற்றார்கள்.

புளோரிடாவின் புரோவர்ட் மாவட்டத்திலும் ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்தால்தான் மீத்திறன் வகுப்புக்கான சோதனை என்றிருந்தது. 2005இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் சோதனை வைத்தார்கள். தகுதி அளவு மாறவில்லை. ஆனாலும் வறிய பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுவரும் பிள்ளைகள் ஆகியோரில் மீத்திறன் வகுப்புக்குத் தேர்வானோர் விகிதம் 180 விழுக்காடு கூடியது என்று பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் லாரா ஜுலியானோவும் கண்டார்கள். பிள்ளைகள் அங்கேயேதான் இருந்திருக்கிறார்கள், கேட்கத்தான் ஆளில்லை. எனக்கு மனம் கனக்கிற இடம் இது.

இந்த ஆய்வுகளில் வரும் இன்னொரு ஆங்கிலச் சொல்லான ‘ரெப்ரசென்டேஷ’னைப் ‘பிரதிநிதித்துவம்’ என்றே பலரும் பெயர்க்கிறார்கள். அது சட்டமன்றத்துக்குப் பொருந்தும். வகுப்பில் உட்காரும் பிள்ளை யாருக்கும் பிரதிநிதி அல்ல. தன் இடத்தில் இருக்கிறது, அவ்வளவே. ‘உரிய பங்கு’ என்றால் பொருள் நேராக விளங்கும். அதுபோல மீத்திறன் பிள்ளைகளை அடையாளம் காண்பதற்கு ‘இனங்காணல்’ நல்ல சொல்தான், ஆனால் இனவாரிப் பங்கைப் பேசும் இடத்தில் குழப்பும். அங்கே ‘கண்டறிதல்’ என்றே எழுதுகிறேன்.

இங்கே மொரிசியசில் பெரும்பாலான வீடுகளில், தமிழர் வீடுகளிலும், பேச்சு பிரெஞ்சு வழி வந்த கிரியோல் மொழியில். தேர்வுத்தாள் ஆங்கிலத்தில். கிரியோல் பள்ளியில் விருப்பப் பாடமானதே 2012இல்தான். புரோவர்ட்டில் முதலில் வைத்தது சொற்களே வேண்டாத, வடிவங்களைப் பொருத்திப் பார்க்கும் சோதனை. அப்படியொரு தாள் ரோஸ்ஹில் நகரத்துப் பிள்ளைக்கும் தொலைவில் உள்ள ரொட்ரீக்ஸ் தீவுப் பிள்ளைக்கும் ஒரே நாளில் கிடைக்க வேண்டும் என்பது என் ஆசை.