எம்.பி.யிடம் கொடுத்த மனு எங்கே போகிறது?

ஐப்பசி மழை இரண்டு நாள் சேர்ந்தாற்போல் பெய்தால் போதும், ரயில்வே சுரங்கப்பாதையில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். முன்பு அந்த இடத்தில் கேட் இருந்திருக்கும். கேட்டை எடுத்துவிட்டுப் பள்ளம் வெட்டிப் பாதை போட்டிருப்பார்கள். பைக்கைத் தள்ளிக்கொண்டு வருபவர் சைலன்சருக்குள் தண்ணீர் போய்விட்டதா என்று குனிந்து பார்ப்பார். ஸ்கூல் வேன் நாலைந்து கிலோமீட்டர் சுற்றிப் போகும். தமிழ்நாட்டில் பல ஊர்களில் வருடாவருடம் பார்க்கிற காட்சிதான் இது.

நகராட்சியில் கேட்டால் அது ரயில்வே இடம் என்பார்கள். ரயில்வேயில் கேட்டால் தண்ணீர் உங்கள் ஊர்ச் சாலையிலிருந்துதானே வருகிறது என்பார்கள். கடைசியில் நாலு பெரியவர்கள் சேர்ந்து, ‘எம்.பி.யைப் பார்த்துவிடலாம்’ என்று ஒரு சால்வையோடு கிளம்புவார்கள். மனு கொடுக்கிற போட்டோ அன்று மாலையே வாட்ஸ்அப்பில் வந்துவிடும். அதற்கப்புறம் அந்த மனுவுக்கு என்ன ஆகிறது, என்ன ஆக வேண்டும் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

முதலில், விஷயம் எம்.பி.யின் கைக்கு எட்டுவதா என்று பார்க்க வேண்டும். ரயில், தேசிய நெடுஞ்சாலை, தபால், விமான நிலையம், பெரிய துறைமுகம் எல்லாம் மத்திய அரசுடையவை. ராமேஸ்வரம், நாகப்பட்டினம் மீனவர்கள் இலங்கையில் பிடிபட்டால் பேச வேண்டியது வெளியுறவுத் துறை. இவற்றுக்கு எம்.பி.தான் சரியான ஆள். போலீஸ், ரேஷன் அட்டை, பட்டா, தெருவிளக்கு, அரசு ஆஸ்பத்திரி எல்லாம் மாநிலத்தின் பக்கம். அதற்கு எம்.எல்.ஏ.வோ, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டமோ போதும். மாநில அரசின் பொறுப்பில் உள்ளதைப் பற்றி நாடாளுமன்றத்தில் கேள்வி கொடுத்தால் விதிப்படியே தள்ளுபடியாகிவிடும்.

அடுத்து பணம். ‘எம்.பி. நிதியில் செய்து கொடுங்கள்’ என்பது நம் ஊரில் மனப்பாடமாகிப்போன வாக்கியம். தொகுதி மேம்பாட்டு நிதி 1993 டிசம்பரில் தொடங்கியது. 2011-12 முதல் ஒரு உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் 39 மக்களவைத் தொகுதிகள், 234 சட்டமன்றத் தொகுதிகள், ஒரு எம்.பி.க்கு ஆறு சட்டமன்றத் தொகுதிகள். வகுத்துப் பார்த்தால் ஒன்றுக்கு 83 லட்சம்தான் வருகிறது. ஒரே தொகுதியைப் பார்க்கிற எம்.எல்.ஏ.வுக்கு மாநில அரசு தரும் நிதி 3 கோடி! எம்.பி. நிதியில் குறைந்தது 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் பரிந்துரைக்க வேண்டும். அந்தப் பணம் எம்.பி.யின் பாக்கெட்டுக்கும் வராது. அவர் பரிந்துரைப்பார், மாவட்ட நிர்வாகம் அனுமதி கொடுத்து வேலையை நடத்தும். பள்ளி வகுப்பறை, குடிநீர்த் தொட்டி, பஸ் நிழற்குடை இப்படி ஊருக்குப் பொதுவாக நிற்கிற சொத்துக்கு இது சரி. கோயில், சர்ச், மசூதி கட்ட முடியாது. நிழற்குடையில் மட்டும் உட்காரும் இடத்தைவிட பெயர்ப் பலகை பெரிதாக இருக்கும், அது வேறு கதை. ரயில் பாதைக்கு அடியில் வேலை என்றால் இந்த நிதியை நம்பிப் பயனில்லை.

அதனால் எம்.பி.யிடம் நாம் கேட்க வேண்டியது பணத்தை அல்ல, அவர் கையில் உள்ள கேள்வியை. மக்களவை கூடும் நாளில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். ஒரு நாளுக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 நட்சத்திரமில்லாக் கேள்விகள் பட்டியலில் வரும். நட்சத்திரமிட்டதற்கு அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்ல வேண்டும், கேட்டவர் துணைக்கேள்வியும் போடலாம். மற்றதற்கு எழுத்தில் பதில். எத்தனையோ பேர் கேள்வி கொடுப்பதால் குலுக்கலில்தான் தேர்வாகும். டிவியில் வருவது நட்சத்திரக் கேள்வி என்பதால் அதற்குத்தான் மவுசு. ஊர்ப் பிரச்சினைக்கு எழுத்துப் பதில்தான் மேல் என்பது என் எண்ணம். அது எண்ணோடும் தேதியோடும் நாடாளுமன்ற இணையதளத்தில் கிடக்கும். பிரிண்ட் எடுத்து ரயில்வே கோட்ட அலுவலகத்தில் மேஜைமேல் வைத்து, ‘உங்கள் அமைச்சர் இப்படிச் சொல்லியிருக்கிறாரே’ என்று கேட்கலாம்.

கேள்விக்கு 15 நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். வழக்கமாக வருடத்துக்கு மூன்று கூட்டத்தொடர்கள்: பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம். ஐப்பசியில் தண்ணீர் நின்றால், டெல்லியில் குளிர்காலக் கூட்டத்தொடர் தொடங்குமுன் மனு போய்ச் சேர வேண்டும். தை பிறந்தபின் கொடுத்தால் ஈரமும் காய்ந்திருக்கும், வேகமும் காய்ந்திருக்கும்.

பதிலைப் படிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்’ என்று பதில் வந்தால் அமைச்சகம் கைகழுவிவிட்டதாக நாம் நினைத்துச் சலித்துக்கொள்கிறோம். உண்மையில் இதுபோன்ற வார்த்தைகள் அவைக்குக் கொடுத்த உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. அதைத் துரத்துவதற்கென்றே உறுதிமொழிக் குழு என்று ஒன்று இரு அவைகளிலும் இருக்கிறது. காலம் தள்ளிப்போனால் அமைச்சகம் அவகாசம் கேட்க வேண்டும். ‘உறுதிமொழியாக எடுத்துக்கொண்டார்களா?’ என்று எம்.பி. அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். கேட்கிறவர்கள் குறைவு என்பதால் ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

கேள்வி தவிர வேறு வழிகளும் உண்டு. மக்களவையில் 377ஆவது விதி. 250 சொல்லுக்கு மிகாமல் எழுதி வைக்கும் கோரிக்கை, அமைச்சகம் எழுத்தில் பதில் தரும். மாநிலங்களவையில் இதற்கு ஈடு சிறப்புக் குறிப்பு. அவசரமானதென்றால், நீண்ட நோட்டீஸ் இல்லாமல் அவையில் எழுந்து பேசும் பூஜ்ய நேரம். ஃபேஸ்புக்கில் சுற்றுகிற வீடியோக்களில் பாதி இதுதான். ஆனால் அமைச்சர் அங்கேயே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, அதனால் வீடியோ வந்ததோடு விஷயம் முடிந்துவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. தமிழில் பேசலாமா என்று சிலர் கேட்பார்கள். தாராளமாகப் பேசலாம், முன்கூட்டிச் சொன்னால் மொழிபெயர்ப்பு உண்டு.

அவைக்கு வெளியே எம்.பி. அமைச்சருக்கு எழுதும் கடிதமும் லேசானதல்ல. 15 நாளில் கிடைத்ததாகத் தெரிவித்து, அடுத்த 15 நாளில் பதில் தர வேண்டும் என்பது மத்திய அரசு அலுவலகங்களுக்கான நடைமுறை. மாவட்டத்தில் ‘திஷா’ என்ற கண்காணிப்புக் குழுவும் உண்டு. எம்.பி. தலைமையில் கலெக்டரும் துறை அதிகாரிகளும் உட்காருவார்கள், மத்திய அரசுத் திட்டங்கள் அங்கே அலசப்படும். நூறு நாள் வேலைச் சம்பள பாக்கி, பிரதமர் வீடு திட்டம் போன்றவற்றுக்கு டெல்லியைவிட இந்தக் கூட்டமே பக்கம்.

சரி, மனுவை எப்படி எழுதுவது? ‘மாண்புமிகு, பாசமிகு’ என்று அரைப் பக்கம் போனால் மிச்சப் பக்கத்தில் விஷயத்துக்கு இடமிருக்காது. ‘எங்கள் ஊர் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கி மக்கள் சொல்லொணாத் துயரம்’ என்பதை வைத்து யாரும் கேள்வி தயாரிக்க முடியாது. பாலத்தின் பக்கச்சுவரில் பெயின்ட்டில் எண் எழுதியிருக்கும், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையில், பழைய கேட்டுக்கு என்ன எண், எந்தெந்தத் தேதிகளில் எத்தனை நாள் பாதை அடைபட்டது, தேதி தெரிகிற மாதிரி இரண்டு படம். ஏற்கெனவே யாருக்கு மனு கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது என்பதன் நகல். கடைசியில் ஒரே கோரிக்கை: தண்ணீரை இறைக்க மோட்டாரா, மேற்கூரையா, வடிகாலா? மூன்றையும் கேட்டால் மூன்றுக்கும் சேர்த்து ஒரு மழுப்பல் பதில் வரும். அத்தனையும் ஒரே தாளில். எம்.பி.யிடம் ஒன்று, அவருடைய உதவியாளரிடம் ஒன்று. கேள்வியை டைப் அடிக்கப்போகிறவர் பெரும்பாலும் உதவியாளர்தான், சால்வையை அவருக்கும் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

பதில் வந்தபின் ஒரு வரியைக் கூர்ந்து படியுங்கள். பாலத்துக்கு அடியில் உள்ளது ரயில்வேயின் பொறுப்பு, அணுகுசாலையும் நிலமும் மாநிலத்தின் பொறுப்பு என்று அமைச்சகம் பிரித்துச் சொல்லக்கூடும். ‘மாநில அரசு நிலம் ஒப்படைக்கவில்லை’ என்று அதில் இருந்தால், அடுத்த மனு கலெக்டர் ஆபீசுக்கு. இணைப்பாக அந்தப் பதிலின் நகலையே வையுங்கள்.