டிக்கெட்டில் ‘மிலான்’ என்று இருந்தால், எந்த மிலான்?

விமான டிக்கெட் போட்டுக் கொடுப்பது என் தொழில். போர்ச்சுகலின் லிஸ்பனில் இருந்து பின்லாந்தின் ஹெல்சின்கிக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தூரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஒன்று ஐரோப்பாவின் தென்மேற்கு ஓரம், மற்றது வடகிழக்கு ஓரம். வான்வழியில் சுமார் 3,400 கிலோமீட்டர். நேரடி விமானம் கிடைத்தால் ஏறத்தாழ நாலே முக்கால் மணி நேரம். மேலைக்காற்று பின்னால் இருந்து தள்ளுவதால் போகும்போது கொஞ்சம் சீக்கிரம். திரும்பும்போது அதே காற்று எதிரே நிற்பதால் ஐந்து மணி நேரத்தைத் தொடும்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். ஹெல்சின்கி 2 மணி நேரம் முன்னால் ஓடுகிறது. காலை 10 மணிக்குக் கிளம்பினால் மாலை 4.45-க்கு இறங்குவதாகப் போட்டிருக்கும். கோடை நேர மாற்றம் இரண்டு நாட்டிலும் ஒரே கணத்தில் நடப்பதால் இந்த வித்தியாசம் வருடம் முழுக்க மாறாது.

சரி, இதுவரை சிக்கல் இல்லை. ஆட்களை அலைய வைப்பது நடுவில் விமானம் மாறும் ஊர்தான்.

ஒரு மாணவி விலை குறைவாக இருக்கிறதே என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தார். லிஸ்பனில் இருந்து இத்தாலியின் மிலான், பிறகு மிலான்–ஹெல்சின்கி. இடையில் இரண்டரை மணி நேரம். ஆனால் முதல் விமானம் இறங்கியது பெர்கமோவில், அடுத்தது கிளம்புவது மால்பென்சாவில். இரண்டும் வேறு வேறு விமான நிலையங்கள், ஆனால் இரண்டுக்குமே மிலான் பெயரில்தான் டிக்கெட் விற்பார்கள். பெர்கமோ நிலையம் மிலான் நகருக்கு வடகிழக்கே சுமார் 50 கிலோமீட்டர், மால்பென்சா வடமேற்கே கிட்டத்தட்ட அதே தூரம். விமானம் 50 நிமிடம் தாமதம், பெட்டி வரக் காத்திருப்பு, அப்புறம் பேருந்து. அவர் போய்ச் சேர்ந்தபோது பெட்டியை ஒப்படைக்கும் கவுன்டரை மூடிவிட்டார்கள். இரவை நிலைய நாற்காலியில் கழித்துவிட்டு, மறுநாள் புது டிக்கெட்டுக்கு முழுப் பணமும் கட்டினார். என்னிடம் வந்தது அதற்குப் பிறகுதான். முன்பே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தடுத்திருப்பேன் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

அவருக்கு இழப்பீடும் கிடைக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, ஒன்றியத்துக்குள் 1,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில், விமான நிறுவனம் தவிர்த்திருக்கக்கூடிய காரணத்தால் 3 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் 400 யூரோ கேட்கலாம். ஒரே முன்பதிவாக இருந்தால் கடைசி ஊரில் இறங்கும் நேரம்தான் கணக்கு. தனித்தனி டிக்கெட் என்றால் ஒவ்வொன்றும் தனிப் பயணம். அவருடைய முதல் விமானம் 50 நிமிடம்தான் தாமதம், இரண்டாவது சரியான நேரத்துக்குக் கிளம்பிவிட்டது. யாரிடம் போய்க் கேட்பது?

ஊர்ப் பெயரைவிட அதன் பக்கத்தில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். பெர்கமோவுக்கு பிஜிஒய் (BGY), மால்பென்சாவுக்கு எம்எக்ஸ்பி (MXP). லண்டன் வழியாகப் போவதென்றால் இன்னும் கவனம் வேண்டும். எல்லைச் சோதனை இல்லாமல் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனுக்கு வெளியே பிரிட்டன் இருப்பதால், பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிய தனி டிக்கெட்டில் இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பொதுவாக பிரிட்டன் விசா இல்லாமல் குடிவரவைத் தாண்ட முடியாது. தனி டிக்கெட்தான் எடுக்க வேண்டும் என்றால், ஒரே நிலையத்தில் மாறும்படி, நடுவில் ஐந்து மணி நேரமாவது விட்டு எடுங்கள். இரண்டாவது விமானம் அன்றைய கடைசி விமானமாக இருக்க வேண்டாம்.