சூரைச்செடியின் கீழ் அடையும் தண்ணீரும்

மனச்சோர்வுக்காக என்னிடம் வந்துகொண்டிருந்த அம்மா, கைப்பையிலிருந்து பைபிளை எடுத்துத் திறந்தார். சங்கீதம் பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்திருந்தது நான் எழுதிக்கொடுத்த மாத்திரை அட்டை. பத்தில் நாலுதான் காலி.

"போட்டுட்டுத்தான் இருந்தேன் டாக்டர். கர்த்தரை நம்புறவளுக்கு மாத்திரை எதுக்குன்னு ஜெபக் கூட்டத்துல ஒரு அக்கா கேட்டாங்க, நிறுத்திட்டேன்."

கணவரின் கடை நொடித்துப்போய், மூன்று மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு, சாப்பாடு இறங்கவில்லை. அதையெல்லாம்விட, தன் விசுவாசம் குறைந்ததால்தான் இப்படி ஆகிவிட்டது என்ற எண்ணம்தான் அவரை வதைத்தது.

மனநல மருத்துவராக இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கிறேன். நானும் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவன்தான். அதனால் அவரிடம் பைபிளில் வரும் எலியா தீர்க்கதரிசியைப் பற்றிக் கேட்டேன். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர், அடுத்த அதிகாரத்திலேயே தன்னைக் கொல்லுவேன் என்று மிரட்டிய யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். கர்த்தர் அவரைத் திட்டவில்லை, உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவும் இல்லை. தூங்க விட்டார். தூதன் தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்தவரை இரண்டாம் தரமும் எழுப்பி, பயணம் ரொம்ப தூரம், சாப்பிடு என்றான். அக்கினி இறக்கிய அதே தேவன்தான் அடையும் சுட்டுக் கொடுத்தார், அவருடைய மகத்துவத்தை நான் இரண்டிலும் பார்க்கிறேன், சொல்லப்போனால் அடையில் கொஞ்சம் அதிகமாகவே.

சபையில் இருப்பவர்களுக்கு ஒன்று. பைபிளில் எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாளும் ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை சரியாகத்தான் இருந்தார்கள். வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய் என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் கெட்டது. ஜெபியுங்கள், கஞ்சி வைத்துக் கொண்டுபோங்கள், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வாருங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லாதீர்கள். மனச்சோர்வு மாத்திரை முதல் நாளே பலன் தராது, சில வாரம் ஆகும். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கக் கெடுதல் வரலாம், நோயும் திரும்பலாம். அப்புறம், ஒருவர் வாழ்ந்தது போதும் என்று சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள். சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆபத்து என்று தெரிந்தால் தனியாக விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

மாத்திரையை மறுபடி ஆரம்பித்த ஆறாவது வாரம் அந்த அம்மா கணவரோடு வந்தார். கடன் அப்படியேதான் இருக்கிறது. "நேத்து அஞ்சு மணி வரைக்கும் தூங்கினேன் டாக்டர். ஞாயித்துக்கிழமை சாட்சி சொல்லலாம்னு இருக்கேன்" என்றார்.

"சொல்லுங்கம்மா, மாத்திரையையும் சேர்த்துச் சொல்லுங்க" என்றேன்.